ஓட்டமும் கொடையும்: முதல் மராத்தானுக்குக் குமரி தரும் பாடங்கள்

நற்பணிக்கு நிதி திரட்டுவதற்காக முதன்முறையாக 42 கிலோமீட்டர் ஓட முன்வருவோர் தமிழ்நாட்டில் பெருகிவருகின்றனர். உடலைப் பழக்குவது எப்படி, திரளும் பணம் யாரைச் சென்றடைகிறது, சாலையோரத்தில் தண்ணீர் தருபவரின் இடம் என்ன என்னும் மூன்று கேள்விகளையும் சிவாலய ஓட்டத்தின் மண்ணில் வைத்து ஆராய்கிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

சிவராத்திரிக்கு முந்தைய நாள் பொழுது சாயும் வேளையில், முஞ்சிறையை அடுத்த திருமலை மகாதேவர் கோயிலின் முன்பு காவியோ மஞ்சளோ உடுத்தவர்களின் கூட்டம் திரளத் தொடங்குகிறது. நீரில் முழுகிய ஈரம் உலராத வேட்டி, கழுத்தில் மாலை, கையில் பனையோலை விசிறி, திருநீறும் காணிக்கைக் காசும் இடுவதற்கு ஒரு சிறு துணிப்பை ஆகியவையே அவர்களின் உடைமைகள். காலில் செருப்பு இல்லை. சந்நிதியில் இறைவனுக்கு விசிறியால் வீசி வணங்கியபின் ‘கோவிந்தா, கோபாலா’ என்ற முழக்கத்தோடு சாலையில் இறங்கும் இந்தக் கூட்டம், இரவு முழுவதும் ஓடி, மறுநாள் பகல் வெயிலையும் தாங்கி, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடந்து, பன்னிரண்டாவது கோயிலான திருநட்டாலத்தை அடைந்த பிறகே ஓய்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், அதாவது பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் நிகழும் இந்தச் சிவாலய ஓட்டத்தைப் பேச்சுவழக்கில் சாலய ஓட்டம் என்றும், ஓடுபவர்களைக் கோவிந்தன்மார் என்றும் சொல்வர். சிவன் கோயில்களை நோக்கித் திருமாலின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடும் முரணுக்கு மகாபாரதத்தோடு இணைந்த ஒரு கதை வழங்குகிறது. வேள்விக்குத் தேவையான பாலைப் பெறுவதற்காகப் புருஷாமிருகத்தைத் தேடிச் சென்ற பீமன், சிவன் பெயரையன்றி வேறொன்றைக் கேட்கப் பொறாத அந்த விலங்கு மனிதனின் காதில் விழும்படி கோவிந்தனின் பெயரைச் சொல்லி, அது துரத்தியபோது கண்ணன் தந்திருந்த பன்னிரண்டு உருத்திராக்கங்களை ஒவ்வொன்றாகக் கீழே போட்டுவிட்டு ஓடினான் என்பதும், அவை விழுந்த இடங்களில் லிங்கங்கள் தோன்ற, புருஷாமிருகம் ஒவ்வோர் இடத்திலும் நின்று வழிபட்டது என்பதும், முடிவில் இரு தெய்வமும் ஒன்றே என அது உணர்ந்தது என்பதும் அந்தக் கதையின் சுருக்கம்.

இன்றைய மராத்தானோடு ஒப்பிட்டால் இந்த ஓட்டத்தில் போட்டியும் இல்லை, பதக்கமும் இல்லை, நேரக்கணக்கும் இல்லை. ஆயினும் நெடுந்தூர ஓட்டமும் கொடையும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி தமிழ்நாட்டில் அரிது. வழிநெடுகிலும் ஊரார் பந்தலிட்டு மோரும் பானகமும் சுக்குநீரும் கஞ்சியும் தருகின்றனர். ஓடுபவர் அவற்றைப் பெற்றுக்கொள்கிறார். நற்பணி மராத்தானிலோ ஓடுபவர் தமக்கு அறிமுகமானவர்களிடம் பணம் திரட்டி, தமக்கு அறிமுகமில்லாத ஒருவருக்குச் சேர்க்கிறார். முன்னதில் கொடையைப் பெறுபவராகவும் பின்னதில் கொடையைக் கடத்துபவராகவும் இருக்கும் ஓட்டக்காரர், இரண்டிலுமே கொடையாளராக இருப்பதில்லை. இந்த உண்மையை ஏற்றுக்கொண்டால்தான் முதல் மராத்தானுக்கான பயிற்சி, பணம், பாதுகாப்பு ஆகிய மூன்றையும் சரியான வரிசையில் சிந்திக்க முடியும்.

பெட்டி 1: பன்னிரு சிவாலயங்கள், ஓடும் வரிசையில்

■ 1. திருமலை (முஞ்சிறை)
■ 2. திக்குறிச்சி
■ 3. திற்பரப்பு: கோதையாற்று அருவிக் கரையில் அமைந்தது
■ 4. திருநந்திக்கரை: பழமையான குடைவரைக் கோயிலும் இவ்வூரில் உண்டு
■ 5. பொன்மனை
■ 6. பன்னிப்பாகம்
■ 7. கல்குளம்: பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயில்
■ 8. மேலாங்கோடு
■ 9. திருவிடைக்கோடு
■ 10. திருவிதாங்கோடு
■ 11. திருப்பன்றிக்கோடு
■ 12. திருநட்டாலம்: சிவனும் திருமாலும் சங்கரநாராயணராக இணைந்த தலம்

42.195 கிலோமீட்டரும் நிதி திரட்டலும்

1896-ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரப் போட்டியாக அறிமுகமான மராத்தான், 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 42.195 கிலோமீட்டராக அமைந்து, 1921-இல் அந்த அளவிலேயே உலகத் தடகள அமைப்பால் நிலைப்படுத்தப்பட்டது. இதில் பாதியான 21.1 கிலோமீட்டரை அரை மராத்தான் என்பர். 5 அல்லது 10 கிலோமீட்டர் ஓட்டங்களையும் மராத்தான் என்ற பெயரிலேயே விளம்பரம் செய்வது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டதால், முதன்முறையாகப் பதிவுசெய்பவர் தாம் கட்டணம் செலுத்துவது எந்தத் தூரத்துக்கு என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நெடுந்தூர ஓட்டத்தை நிதி திரட்டும் கருவியாக உலகம் முழுவதும் அறியச்செய்தவர் கனடாவின் டெரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காக 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மராத்தான் தூரம் என்ற கணக்கில் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்த நேர்ந்து, மறு ஆண்டு மறைந்தார். அவர் மறைந்த 1981-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய இலண்டன் மராத்தான், அறநிறுவனங்கள் ஓட்டத்தில் இடங்களை முன்கூட்டியே விலைக்கு வாங்கி, குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவதாக உறுதியளிப்பவர்களுக்கு அவற்றை வழங்கும் முறையைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்து, 2019-க்குள் மொத்தம் 100 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டியது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான அறநிறுவனம் ஒன்றுக்காக 2000-ஆம் ஆண்டில், தமது 89-ஆம் வயதில், இங்கேதான் முதல் மராத்தானை ஓடினார் பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங்.

இந்தியாவில் 2004-இல் தொடங்கிய மும்பை மராத்தான் இந்த முறையைப் பரவலாக்கியது. யுனைடெட் வே மும்பை என்ற அமைப்பின் வழியாக நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் அந்த ஓட்டத்தைப் பயன்படுத்திப் பணம் திரட்டுகின்றன. தமிழ்நாட்டில் 2013-இல் தொடங்கிய கோவை மராத்தான் கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளையின் பணிகளுக்காக நடத்தப்படுகிறது. முன்னாள் முதல்வர் மு. கருணாநிதியின் பெயரில் சென்னையில் நடைபெறும் பன்னாட்டு மராத்தானுக்கு 2023-ஆம் ஆண்டு 73,000-க்கும் மேற்பட்டோர் பதிவுசெய்தனர். பதிவுக் கட்டணமாகத் திரண்ட தொகை அரசு மருத்துவத் துறையின் பணிகளுக்கு வழங்கப்பட்டது. இந்த ஓட்டத்தின் பின்னால் இருந்த, அப்போதைய மருத்துவத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன், விபத்தொன்றில் முழங்காலில் காயமுற்றவர்; நடுத்தர வயதைக் கடந்தபின் ஓடத் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட அரை மராத்தான்களை நிறைவுசெய்தவர்.

குமரியைப் பொறுத்தவரை, நாட்டின் தென்கோடி என்பதால் நெடும்பயணங்களின் தொடக்கமாகவோ முடிவாகவோ அது நீண்டகாலமாக இருந்துவருகிறது. 1983 சனவரியில், பின்னாளில் பிரதமரான சந்திரசேகர் தில்லியை நோக்கி நடைப்பயணம் தொடங்கியதும், 1985 இறுதியில் சமூகத் தொண்டர் பாபா ஆம்தே இளைஞர்களோடு காசுமீரம் நோக்கிப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். 2019-இல் சூஃபியா கான் என்ற ஓட்டக்காரர், காசுமீரத்திலிருந்து 87 நாட்கள் ஓடி வந்து தமது பயணத்தைக் கன்னியாகுமரியில் முடித்தார்.

விரதமும் பயிற்சியும்

கோவிந்தன்மார் ஓட்டத்துக்கு முன்பு ஒரு வாரமோ அதற்கு மேலோ மாலையணிந்து விரதம் காக்கின்றனர். எளிய உணவு, புலால் விலக்கல், குறித்த நேரத்தில் நீராடல் என்று அமையும் இந்த ஒழுங்கு மனத்தையும் வயிற்றையும் தயார்செய்கிறது. ஆனால் கால்களைத் தயார்செய்வதில்லை. அன்றாடம் வயலிலும் ரப்பர்த் தோட்டத்திலும் மேடுபள்ளங்களில் நடந்து உழைத்த தலைமுறைக்குக் கால்களின் பயிற்சி வாழ்க்கையிலேயே அடங்கியிருந்தது. நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவர் அதே விரதத்தை மட்டும் கடைப்பிடித்துவிட்டு நூறு கிலோமீட்டருக்கு இறங்கும்போது, பாதி வழியில் இருசக்கர வாகனத்தையோ வேனையோ நாட நேர்வதில் வியப்பில்லை.

முதல் மராத்தானுக்கு, ஏற்கெனவே நான்கைந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடக்கூடியவருக்கே 16 முதல் 20 வாரப் பயிற்சி தேவை என்பது பயிற்சியாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓட்டம், அவற்றுள் ஒரு நாள் மட்டும் நீண்ட தூரம், மற்ற நாட்களில் ஓய்வோ தசை வலுப்பயிற்சியோ என்பது அதன் அடிப்படை அமைப்பு. ஓட்டக்காரர்கள் ‘லாங் ரன்’ என்று சொல்லும் அந்த வார இறுதி நீண்ட ஓட்டம் 8, 10, 12 கிலோமீட்டர் எனப் படிப்படியாக வளர்ந்து 30 அல்லது 32 கிலோமீட்டரைத் தொட்டதும் நிறுத்தப்படும். அதற்குமேல் ஓடினால் கிடைக்கும் பயனைவிடக் காயத்தின் அபாயம் மிகுதி என்பதால் முழுத்தூரத்தையும் பயிற்சியில் ஓடுவதில்லை. இறுதி இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்துத் தசைகளை ஆற்றும் கட்டத்துக்கு ‘டேப்பர்’ என்று பெயர். சோம்பலாகத் தோன்றும் இந்தக் கட்டத்தைப் புதியவர்களே பெரும்பாலும் மீறுகின்றனர்.

வேகத்தைப் பொறுத்தவரை, பயிற்சியின் பெரும்பகுதி அருகில் ஓடுபவரோடு முழு வாக்கியங்களில் பேசக்கூடிய அளவுக்கு மெதுவாக இருக்க வேண்டும் என்பதே எளிய அளவுகோல். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே மேம்பட்டுவிடும். தசைநாண்களும் எலும்புகளும் அதற்கு மாதக்கணக்கில் காலம் எடுத்துக்கொள்ளும். மூச்சு ஒத்துழைக்கிறது என்பதற்காகத் தூரத்தைத் திடீரென்று கூட்டுபவருக்கு முழந்தாள் எலும்பில் வலியும் குதிகாலில் வீக்கமும் வருவதற்கு இந்த இடைவெளியே காரணம். பொழுதுபோக்காக ஓடுபவர்களின் மூட்டுகள் தேய்ந்துபோகும் என்ற பரவலான அச்சத்துக்கு மாறாக, 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு அவர்களிடம் 3.5 விழுக்காடாகவும் ஓடாதவர்களிடம் 10.2 விழுக்காடாகவும் இருந்ததைக் காட்டியது. ஆயினும் போட்டி நிலையில் கடுமையாக ஓடுபவர்களிடம் அது 13.3 விழுக்காடாக உயர்ந்திருந்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இத்தகைய பயிற்சிக்குக் குமரியின் நில அமைப்பு மிகவும் ஏற்றது. தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளாகிய நாஞ்சில் நாட்டின் வயலும் குளமும் சூழ்ந்த சமதளச் சாலைகள் தொடக்கநிலைப் பயிற்சிக்கும், கல்குளத்தின் ஏற்ற இறக்கங்கள் தொடைத் தசைகளை வலுப்படுத்துவதற்கும் உதவும். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் என்பதால், போய்த் திரும்பினால் முழு மராத்தானுக்கு இரண்டு கிலோமீட்டர் அளவே குறையும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஓடுபவரைக் காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது அதே காற்று எதிர்த்து நிற்கும் என்பதை அறியாமல் போகும் வேளையில் வலுவைச் செலவிடுபவர் திரும்பும் வேளையில் திணறுவார். சாலை விளக்கில்லாத புலர்காலையில் ஓடுவோருக்கு ஒளி எதிரொளிக்கும் மேலாடையும், வாகனங்களுக்கு எதிர்முகமாகச் சாலையின் வலப்புறம் ஓடும் பழக்கமும் இன்றியமையாதவை.

உடலுக்குள் நிகழ்வது

மனித உடல் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மராத்தான் முழுவதற்கும் 2,500 கிலோ கலோரி தேவை என்றால், தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பாக இருப்பது ஏறத்தாழ 2,000 கிலோ கலோரிக்குள் அடங்கிவிடுகிறது. 30 கிலோமீட்டர் அளவில் அந்தச் சேமிப்பு தீரும் நிலையில் கால்கள் திடீரென்று கனத்து மனம் சோர்வதையே ஓட்டக்காரர்கள் ‘சுவரில் மோதுவது’ என்கின்றனர். ஓடும்போதே சிறிது சிறிதாக மாவுச்சத்து உட்கொள்வதே இதற்குத் தீர்வு. வெளிநாட்டுப் பசைப் பொட்டலங்கள் கிடைக்காத இடத்தில், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற குமரியின் மட்டி வாழைப்பழமும், கருப்பட்டியும், உப்பிட்ட கஞ்சித் தெளிவும் அதே வேலையைச் செய்யும். எதை உண்பதானாலும் பயிற்சி நாட்களில் வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டுமே ஓட்ட நாளில் உண்பது என்ற விதியை மட்டும் மீறக்கூடாது.

நீரைப் பற்றிய கருத்துகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கின்றன. தாகம் வருமுன்னரே இயன்ற அளவு குடிக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை, மெதுவாக ஓடும் புதியவர்களிடம் வேறொரு கேட்டை உண்டாக்கியது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது 13 விழுக்காட்டினரிடம் சோடியம் என்ற உப்புச்சத்து இயல்பளவுக்குக் கீழே சென்றிருந்தது தெரியவந்தது. அளவுக்கு மீறிக் குடித்த நீரே இதற்கு முதன்மைக் காரணம். தலைவலி, குமட்டல், குழப்பம் எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகக்கூடிய இந்த நிலையின் அறிகுறிகள் நீரிழப்பின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், தள்ளாடி வருபவருக்கு இரக்கத்தால் மேலும் மேலும் தண்ணீர் புகட்டுவது தீங்காக முடியலாம். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதும், உப்புச் சேர்ந்த மோரையோ கஞ்சியையோ இடையிடையே எடுத்துக்கொள்வதும் பாதுகாப்பான நடுவழி. இந்த அறிவியலை அறியாமலேயே சிவாலய ஓட்டப் பாதையில் உப்பிட்ட மோரும் கஞ்சியும் தரும் வழக்கம் ஊன்றியிருப்பது குறிப்பிடத்தக்கது.

குமரிக் கடற்கரையின் ஈரப்பதம் மற்றொரு சிக்கல். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் அது ஆவியாகாமல் வழிந்துவிடுகிறது. உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து மனக்குழப்பமும் சேரும் நிலைக்கு வெப்ப மயக்கம் என்று பொதுவாகச் சொல்வதுண்டு என்றாலும், அது சாதாரண மயக்கமன்று. உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் அவசர நிலை. பாதிக்கப்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதற்கு முன்பு அங்கேயே பனிக்கட்டி நீரில் குளிர்விக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி. ஓட்ட நாளுக்கு முந்தைய 10 முதல் 14 நாட்கள் அதே வெப்பத்தில் மிதமாகப் பயிற்சி செய்பவரின் உடல் முன்னதாகவே வியர்க்கவும் உப்பைச் சேமிக்கவும் பழகிக்கொள்கிறது.

பெட்டி 2: எண்களில் அபாயம்

■ 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மராத்தான், அரை மராத்தான் ஓடிய 1.09 கோடிப் பேரில் இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். அதாவது 1,84,000 பேருக்கு ஒருவர்.
■ முழு மராத்தானில் இந்த விகிதம் அரை மராத்தானைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு.
■ குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஓடும்போது நெஞ்சுவலி அல்லது மயக்கம் ஆகியவை இருப்பின், பயிற்சி தொடங்குமுன் மருத்துவச் சோதனை கட்டாயம்.
■ காய்ச்சல் இருக்கும் நாளில் ஓடுவது இதயத் தசையைப் பாதிக்கக்கூடும். கட்டணம் வீணாகிறது என்பது ஓடுவதற்குக் காரணமாகாது.

பணம் எந்த வழியில் போகிறது

நற்பணி மராத்தானில் இருவகைப் பணம் புழங்குகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பெரும்பாலான மனக்கசப்புகளுக்குக் காரணம். முதலாவது பதிவுக் கட்டணம். மேலாடை, மார்பில் குத்தும் எண் அட்டை, நேரம் பதிவுசெய்யும் சில்லு, சாலையோர நீர், மருத்துவ ஊர்தி, பதக்கம் என்று ஓட்டக்காரருக்கே அது பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. விளம்பரதாரர்கள் செலவை ஏற்றுக்கொண்டால் மட்டுமே கட்டணத்தில் மிச்சம் தேறி அறப்பணிக்குப் போகும். இரண்டாவது, ஓடுபவர் தம் உற்றார் நண்பர்களிடம் கேட்டுத் திரட்டித் தரும் நன்கொடை. இலண்டனிலும் மும்பையிலும் பெருந்தொகை சேர்வது இந்த இரண்டாவது வழியால்தான். தமிழ்நாட்டின் பல ஓட்டங்கள் முதலாவதை மட்டுமே நம்பியிருப்பதால், ஆயிரக்கணக்கானோர் ஓடிய பிறகும் நோயாளிக்குச் சேரும் தொகை சிறிதாகவே அமைந்துவிடக்கூடும்.

ஓட்டக்காரர் பிறரிடம் கையேந்தத் தயங்குவது இதற்கு ஒரு காரணம். நண்பரிடம் நூறு ரூபாய் கேட்பதைவிட அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஓடுவது எளிது என்று கருதுவோரே பலர். குமரியின் மரபு இந்தத் தயக்கத்துக்கு நேர்மாறானது. அங்கே ஊரில் எத்தகைய செல்வாக்குடையவரும் அந்த ஒரு நாளில் துணிப்பையோடு காணிக்கை பெற்று, முன்பின் அறியாத வீட்டாரின் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கிறார். கேட்பதால் வரும் தாழ்வை ஏற்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே அங்கு அமைந்திருக்கிறது. நற்பணிக்காக ஓடுபவர் பயிற்சி அட்டவணையில் ஓட்டத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் நன்கொடை கேட்பதற்கு ஒதுக்கவில்லை என்றால், அவருடைய மராத்தான் உடல்நலத்துக்கான நல்ல பழக்கமாக மட்டுமே நின்றுவிடும்.

கேட்பவருக்குப் பொறுப்பும் உண்டு. எந்த மருத்துவமனைக்கு, எந்தச் சிகிச்சைக்கு, எவ்வளவு தொகை, எந்த நாளுக்குள் என்பதைச் சொல்லாமல் பொதுவாக விழிப்புணர்வுக்காக என்று மட்டும் அறிவிக்கும் ஓட்டங்களில், பணம் சென்ற வழியைப் பின்னர் எவராலும் ஆராய முடிவதில்லை. விழிப்புணர்வு தேவையானதே, ஆனால் அதை அளப்பதற்குக் கருவியில்லை, நன்கொடையை அளப்பதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது.

பெட்டி 3: நன்கொடை தருமுன் கேட்க வேண்டியவை

■ பெறும் அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின்படி நன்கொடைச் சலுகைக்கான ஒப்புதல் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி பிரிவு) உண்டா? இருந்தால்தான் தருபவருக்கு வரிச்சலுகை. அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும்.
■ ரொக்கமாகத் தரும் தொகை 2,000 ரூபாயைத் தாண்டினால் அந்தச் சலுகை இல்லை. வங்கி வழியாகத் தருவதே நல்லது.
■ பதிவுக் கட்டணத்தில் எத்தனை விழுக்காடு அறப்பணிக்குப் போகிறது?
■ சென்ற ஆண்டின் வரவுசெலவுக் கணக்கு வெளியிடப்பட்டதா?

சாலையோரத்துக் கைகள்

நெடுந்தூர ஓட்டம் ஒவ்வொன்றும் ஓடாதவர்களின் உழைப்பால் நடப்பது. முழு மராத்தானில் இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டருக்கு ஒரு நீர்நிலையம் என்றால் பதினைந்து முதல் இருபது நிலையங்கள் தேவை. புலருமுன் தொடங்கி, கடைசியாக வருபவர் ஆறு அல்லது ஏழு மணி நேரத்துக்குப் பின் கடக்கும்வரை அங்கே ஆட்கள் நிற்க வேண்டும். போக்குவரத்துக் காவலர், மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் ஞாயிற்றுக்கிழமையும் இதில் செலவாகிறது. பயிற்சியின்றி வந்து பாதி வழியில் சுருண்டு விழும் ஒருவர், ஒரு மருத்துவ ஊர்தியையும் ஒரு மருத்துவரையும் தமக்கெனப் பிடித்துக்கொள்கிறார். நோயாளிகளுக்கு உதவுவதற்காக ஓட வந்தவர் மருத்துவமனையின் ஒரு படுக்கையை நிரப்பும் முரண்பாட்டைத் தவிர்க்கும் ஒரே வழி முன்கூட்டிய பயிற்சி என்பதால், பயிற்சியையே முதல் நன்கொடையாகக் கருதலாம்.

திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தபோது குமரிப் பகுதிச் சாலைகளில் வழிப்போக்கருக்கான வழியம்பலங்களும், சுமையை இறக்கி வைப்பதற்கான சுமைதாங்கிக் கற்களும், கோடையில் தண்ணீர்ப் பந்தல்களும் இருந்தன. சாலையில் போகிறவரைத் தாங்குவது சாலையோரத்தில் வாழ்பவரின் கடமை என்ற அந்தப் பழைய எண்ணத்தின் தொடர்ச்சியாகவே சிவாலய ஓட்டத்தின் மோர்ப் பந்தலைக் காண வேண்டும். அங்கே பந்தல் போடுபவருக்குச் சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை. நவீன ஓட்டங்களை நடத்துவோர் தொண்டர்களைத் தேடிக் கல்லூரிகளுக்கு அலைவதற்குப் பதிலாக, பாதையில் உள்ள ஊர்களிடமே நீர்நிலையங்களை ஒப்படைத்தால், சாலை அடைபட்டதற்காகச் சினம்கொள்ளும் மக்களே நிகழ்ச்சியின் பங்காளிகளாக மாறக்கூடும். பிளாஸ்டிக் குப்பிகளுக்கு மாற்றாகக் கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் தம்ளர்களில் நீர் தருவதும் ஊரார் கையில் பொறுப்பு இருக்கும்போது எளிதாகும்.

இங்கே மரபுக்கும் ஒரு கேள்வி எழுகிறது. சிவாலய ஓட்டத்தில் ஓடுபவர்கள் பெரும்பாலும் ஆண்களே. மராத்தானிலும் நீண்டகாலம் இதே நிலைதான். பாஸ்டனில் 1972 வரையிலும் ஒலிம்பிக்கில் 1984 வரையிலும் பெண்களுக்கு முறையான இடமில்லை. எழுத்தறிவிலும் கல்வியிலும் முன்னிற்கும் குமரி மாவட்டத்தில், விடியற்காலையில் ஒரு பெண் தனியாகச் சாலையில் ஓடிப் பயிற்சி பெறுவதற்கு விளக்கும் பாதுகாப்பும் வீட்டாரின் ஒப்புதலும் தேவைப்படுகின்றன. 20 வாரப் பயிற்சி எவருக்கு வாய்க்கிறது என்பது காலின் வலுவைவிட வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கைகளைப் பொறுத்தே அமைகிறது.

எவரெஸ்டிலிருந்து நெய்யூருக்கு

உடலின் எல்லையைச் சோதிப்பதும் பிறருக்குத் தொண்டு செய்வதும் ஒரே வாழ்க்கையில் இணைந்ததற்குக் குமரி மாவட்டத்திலேயே அரிய சான்று உண்டு. ஆங்கிலேய அறுவை மருத்துவர் தியடோர் ஹோவர்ட் சோமர்வெல், 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் செயற்கை உயிர்வளியின்றி 8,000 மீட்டருக்கு மேல் ஏறியவர். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் சிக்கி ஏழு சுமைதூக்கிகள் இறந்தது அவரை ஆழமாகப் பாதித்தது. திரும்பும் வழியில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர், நெய்யூர் மருத்துவமனையில் குவிந்திருந்த நோயாளிகளையும் அங்கிருந்த மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு, இலண்டனில் காத்திருந்த வாழ்க்கையைத் துறந்து அங்கேயே பணிபுரிய முடிவுசெய்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று, சக மலையேறி நார்ட்டனோடு ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரம்வரை ஏறிய பின்னர் நெய்யூருக்கே திரும்பி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தார்.

சோமர்வெல்லின் வாழ்வில் மலையேற்றம் சில மாதங்கள். மருத்துவப் பணி பல்லாயிரம் நாட்கள். நற்பணிக்காக ஓடுபவர் கருத்தில் கொள்ள வேண்டிய விகிதம் இது. ஒரு காலைப்பொழுதின் ஓட்டத்தால் கிடைக்கும் தொகையும் புகழும் விரைவில் தீர்ந்துவிடும். புற்றுநோய்க்கான மருந்துச் சுற்றுகளோ, சிறுவயதிலேயே நீரிழிவு கண்ட குழந்தைக்கான இன்சுலினோ ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். ஆகவே ஒருமுறை பெருந்தொகை தருபவரைவிட, ஒவ்வோர் ஆண்டும் சிறுதொகையைத் தவறாமல் திரட்டித் தரும் ஓட்டக்காரர் ஓர் அறநிறுவனத்துக்குப் பெரிதும் பயன்படுகிறார்; அதைக்கொண்டு அந்த நிறுவனம் அடுத்த ஆண்டுக்கான சிகிச்சையைத் திட்டமிட முடிகிறது.

இனி செய்யத்தக்கவை

குமரியில் நற்பணி மராத்தான் வேரூன்ற வேண்டுமானால் மூன்று ஏற்பாடுகள் முதலில் அமைய வேண்டும். பதிவை ஓட்ட நாளுக்கு ஐந்து மாதங்கள் முன்பே திறந்து, பதிவுசெய்தவர்களுக்கு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் வார இறுதிக் கூட்டுப் பயிற்சி நடத்துவது முதலாவது. ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் 21 கிலோமீட்டரை நிறைவுசெய்யாதவரை முழு மராத்தானிலிருந்து அரை மராத்தானுக்கு மாற்றிவிடும் விதி, பலரின் மனத்தை வருத்தினாலும் சிலரின் உயிரைக் காக்கும். வெப்ப மயக்கத்துக்கும் பாத வெடிப்புக்கும் முதலுதவி தரும் பயிற்சியைத் தொண்டர்களுக்கு அளிப்பது இரண்டாவது. அவ்வாறு பழகியவர்கள் சிவராத்திரி நாளில் கோவிந்தன்மாருக்கும் அதே உதவியைச் செய்யலாம் என்பதால், மரபுக்கும் நவீனத்துக்கும் இடையே பொருளுள்ள கொடுக்கல் வாங்கல் அதனால் தொடங்கும்.

மூன்றாவது ஏற்பாடு செலவில்லாதது. ஆனால் மிகவும் அரிதாகக் காணப்படுவது. ஓட்ட நாளை அறிவிக்கும் அதே சுவரொட்டியில், வரவுசெலவுக் கணக்கு வெளியிடப்படும் நாளையும் பெறுபவரின் பெயரையும் அச்சிட்டு, அந்த நாளில் தொகையை ரூபாய்க் கணக்கில் பொதுமக்கள் முன்வைக்க வேண்டும். முதல் மராத்தானை ஓடி முடித்தவர் எத்தனை மணி நேரத்தில் முடித்தார் என்பதை அவருடைய வீட்டார் கேட்பர்; திரட்டிய பணத்தால் எத்தனை பேருக்குச் சிகிச்சை கிடைத்தது என்பதைக் கேட்கும் உரிமை நூறு ரூபாய் தந்த அண்டைவீட்டாருக்கு உண்டு. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடிகிற ஓட்டத்துக்கு மறு ஆண்டும் ஆட்கள் வருவார்கள், பணமும் வரும்.